டப்ளின் கின்னஸ்தான் அசலா? நம் காப்பிக்கடைப் போத்தல் எந்தக் கணக்கில் சேரும்?

தைப்பிங் தம்பி · 3 பிப்ரவரி 2024

போன மாதம் வேலை விஷயமாக அயர்லாந்தின் டப்ளின் போய் வந்தேன். அங்கே குடித்த கின்னஸ் கறுப்புப் பீர் வேறு ரகம். மேலே கெட்டியான வெண்ணுரை, உள்ளே மிருது, கசப்பு என்று சொல்லவே முடியாது. மலேசியாவுக்குத் திரும்பி வழக்கமான காப்பிக்கடையில் போத்தலைத் திறந்தால் கரிந்த வாடை, நாக்கைப் பிடிக்கும் கசப்பு, அடியில் ஒரு இனிப்பு, கேஸ் வேறு. இத்தனை வருடம் நான் ஆசையாகக் குடித்தது என்ன? என் முடிவு இதுதான்: டப்ளினில் கிடைப்பது அசல், இங்கே காய்ச்சுவது பெயரை மட்டும் ஒட்டிய வேறு சரக்கு. ஒத்துக்கொள்ளாதவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

இயந்திர அறை · 3 பிப்ரவரி 2024, இரவு

ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஒரே பீரின் அசலும் நகலும் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு தனித்தனி பீர்கள்.

டப்ளின் பப்பில் உங்களுக்கு ஊற்றிக் கொடுத்தது டிராஃப்ட், பீப்பாயிலிருந்து குழாய் வழியாக வரும் பீர். 4.2 விழுக்காடு ஆல்கஹால். அதை உந்தித் தள்ளும் வாயுவில் முக்கால் பங்கு நைட்ரஜன், மீதிதான் கரியமில வாயு. நைட்ரஜன் பீரில் லேசில் கரையாது. அதனால் குமிழி மிகச் சிறியதாக வரும், நுரை நிற்கும், நாக்கில் சுருக்கென்று குத்தாது. அந்த முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மைக்கேல் ஆஷ், கணிதம் படித்தவர். அது வெளிவந்தது 1959இல், கம்பெனியின் இருநூறாவது ஆண்டில்.

நம் காப்பிக்கடைப் போத்தல் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட். ஸ்டவுட் என்றால் வறுத்த தானியம் சேர்த்துக் காய்ச்சும் கறுப்புப் பீர். அதன் வம்சம் 1801இல் குறித்து வைத்த வெஸ்ட் இண்டியா போர்ட்டர் வரை போகிறது. டப்ளினிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய பீர் அது. வெயிலிலும் அலைச்சலிலும் கெட்டுப்போகாமல் இருக்க கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கூட்டினார்கள், ஆல்கஹாலையும் கூட்டினார்கள். நீங்கள் குறை சொல்லும் கசப்பு, கப்பலுக்காகப் போட்ட கசப்பு. நான் கப்பலில் வேலை பார்த்தவன், அந்தக் கசப்புக்கு மரியாதை கொடுக்கிறவன்.

மூத்தது எதுவோ அதுதான் அசல் என்றால், உங்கள் வெண்ணுரை டம்ளரைவிட நம் போத்தலுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது கூட.

இயந்திர அறை · 4 பிப்ரவரி 2024

இன்னொன்று. காப்பிக்கடையில் எப்படிக் குடித்தீர்கள்? ஐஸ் கட்டி போட்டா? நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். ஐஸ் கரையக் கரைய முதலில் இனிப்பு மறையும், பிறகு வறுத்த வாசம் போகும், கடைசியில் கசப்பு மட்டும் மிஞ்சும். அதே போத்தலை லேசான குளிர்ச்சியில், ஐஸ் இல்லாமல், அகலமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி மெதுவாகக் குடித்துவிட்டு வந்து எழுதுங்கள். பிறகு பேசலாம்.

இயந்திர அறை · 9 பிப்ரவரி 2024

"அப்படியே இருந்தாலும் உள்ளூரில் காய்ச்சுவது மட்டம்தானே" என்று மூன்று பேர் ஒரே குரலில் எழுதியிருக்கிறீர்கள். சரி, உள்ளூர்க் கதையையே எடுப்போம். மலேசியாவுக்கு முன் நைஜீரியா.

லாகோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றால் சரக்கு இறங்கும்வரை எங்களுக்கு வேலை பாதி, காத்திருப்பு பாதி. உள்ளூர் முகவர் ஒருவர் எங்களை ஒரு திறந்தவெளிக் கடைக்குக் கூட்டிப் போனார். காரம் ஏறிய பெப்பர் சூப், நெருப்பில் வாட்டிய சூயா இறைச்சி, நடுவில் பெரிய பழுப்புப் போத்தலில் கின்னஸ். குடித்த முதல் வாயிலேயே தெரிந்தது, இது நான் வளர்ந்த ஸ்டவுட்டுக்கு உறவுதான், ஆனால் வேறு வீட்டுப் பிள்ளை. கனம் அதிகம், இனிப்பு அதிகம், 7.5 விழுக்காடு. கசப்பு பின்னால் மெதுவாக வருகிறது. அந்தக் காரத்துக்கு முன்னால் டப்ளின் டிராஃப்ட் ஒரு நிமிடம் தாங்காது.

ஏன் வேறு வீட்டுப் பிள்ளை என்பதற்குக் காரணம் இருக்கிறது. லாகோஸ் பக்கத்தில் இக்கேஜாவில் 1962இல் கின்னஸ் ஆலை வந்தது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் வெளியே அவர்கள் கட்டிய முதல் ஆலை அதுதான். ஆரம்பத்தில் பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காய வைத்த பார்லி, வெளியிலிருந்து வந்தது. பிறகு அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. 1988இல் பார்லி மால்ட் இறக்குமதிக்கே அரசு தடை போட்டது. பார்லி அங்கே விளையாது. சோளம் விளையும், மக்காச்சோளம் விளையும். ஆலைகள் எல்லாம் சோளத்துக்கு மாறின, கின்னஸும் மாறியது. தடை பிற்பாடு நீங்கியும் சோளம் போகவில்லை, ஏனென்றால் ஜனங்களின் நாக்கு அதற்குள் சோளத்துக்குப் பழகியிருந்தது, விவசாயிகளும் அதை நம்பிப் பயிரிட்டார்கள்.

பிறகு எப்படி அது கின்னஸ் ஆகிறது? டப்ளினில் வறுத்த பார்லியையும் ஹாப்ஸையும் வைத்துக் கெட்டியான சாறு ஒன்று தயாரிக்கிறார்கள். கறுப்பாக, கசப்பாக இருக்கும். அதைப் பல நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். அந்தந்த நாட்டு ஆலை, தன் ஊர் தானியத்தில் வெளிர் பீர் ஒன்றைக் காய்ச்சி, இந்தச் சாற்றைச் சேர்க்கிறது. நிறமும் வாசமும் டப்ளின், உடம்பு உள்ளூர்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, கலப்படம்!" என்று யாராவது எழுதுவீர்கள். எழுதும் முன் ஒன்றை யோசியுங்கள். இட்லிக்குப் புழுங்கலரிசி கிடைக்காத ஊரில் நம் வீட்டுப் பெண்கள் கிடைத்த அரிசியில் மாவு அரைக்கவில்லையா? அதை யாரும் போலி இட்லி என்று சொல்வதில்லை.

இயந்திர அறை · 10 பிப்ரவரி 2024

நைஜீரியா சின்ன சந்தை என்று நினைக்க வேண்டாம். 2007 வாக்கிலேயே விற்பனையில் அயர்லாந்தை முந்திவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு முதல் கின்னஸ் போனது 1827இல், சியரா லியோனுக்கு. ஒரு பிறந்த ஊர்க்காரர் பெருமையாகப் பேசுவதுபோல நைஜீரியாவிலும் கின்னஸைத் தங்கள் பீர் என்றுதான் பேசுகிறார்கள். லாகோஸில் ஒருவரிடம் "இது ஐரிஷ் பீர் தெரியுமா" என்று எங்கள் கப்பல் சமையல்காரர் கேட்டதற்கு, அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் வெளிநாட்டில் குடித்தது இதன் தம்பி" என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது.

இயந்திர அறை · 17 பிப்ரவரி 2024

தோட்டத்துக் காலம் பற்றி ஈப்போ அண்ணன் கேட்டிருந்தார். நான் நேரில் கண்டதல்ல, வீட்டில் கேட்டது.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் கள்ளுக்கடைதான் எல்லாருக்கும். ஸ்டவுட் என்பது சம்பள நாளில், அதுவும் பட்டணத்துக்குப் போனால். அவர் "கின்னஸ்" என்று சொன்னதே இல்லை. "நாய்த்தலை" என்பார். போத்தலில் நாயின் தலை படம் இருக்கும்.

அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடினேன். அந்தக் காலத்தில் கின்னஸ் கம்பெனி ஏற்றுமதிப் பீரைத் தானே போத்தலில் அடைக்கவில்லை. பீப்பாயாக விற்றுவிடும். வாங்கிய வியாபாரிகள் தங்கள் கிடங்கில் முதிர வைத்து, போத்தலில் அடைத்து, தங்கள் முத்திரை ஒட்டி அனுப்புவார்கள். நாய்த்தலை லண்டனில் ரீட் பிரதர்ஸ் என்ற வியாபாரிகளின் முத்திரை. வேறு வியாபாரிக்கு வேறு படம். படிக்கத் தெரியாதவனும் படத்தைச் சொல்லி வாங்கலாம்.

இதில் நம் கேள்விக்கு நேராகப் பதில் இருக்கிறது. ஒவ்வொரு வியாபாரியும் எத்தனை நாள் முதிர வைத்தான், எவ்வளவு வெக்கையில் வைத்தான், தக்கை எப்படி அடைத்தான் என்பதெல்லாம் வேறு வேறு. போத்தலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்தது, வழியெல்லாம் புளித்துக்கொண்டே வந்தது. ஆகவே ஒரே ஆலையில் ஒரே நாளில் காய்ச்சிய பீர்கூட நாய்த்தலைப் போத்தலில் ஒரு ருசி, வேறு முத்திரையில் வேறு ருசி. நூறு வருடத்துக்கு முன்னாலேயே "ஒரே கின்னஸ்" என்று ஒன்று கிடையாது.

இயந்திர அறை · 17 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

நாய் படம் நம் நாட்டுப் போத்தலில் பிற்பாடும் தொடர்ந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சீனர்கள் இன்னும் "கறுப்பு நாய்" என்று கேட்டு வாங்குவதைக் காப்பிக்கடையில் கேட்கலாம்.

இயந்திர அறை · 2 மார்ச் 2024

இப்போது மலேசியா. கின்னஸ் இங்கே 1960களின் நடுவில் ஆலை வைத்தது, பெட்டாலிங் ஜெயா பக்கம் சுங்கைவேயில். 1989இல் ஆங்கர் பீர் காய்ச்சிய கம்பெனியோடு சேர்ந்து கின்னஸ் ஆங்கர் ஆனது. 2015இல் கின்னஸின் தாய்க் கம்பெனி டியாஜியோ தன் பங்கை டச்சு பீர்க் கம்பெனி ஹைனகெனுக்கு விற்றது, அடுத்த வருடம் பெயர்ப்பலகையும் ஹைனகென் மலேசியா என்று மாறியது. ஆலை அதே இடம். நான் சின்னப் பையனாக நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது மால்ட் வேகும் வாசம் அடிக்கும். பால் கலக்காத ஹார்லிக்ஸ் வாசம் என்று அக்கா சொல்லுவாள்.

இன்னொரு கேள்விக்கு வருகிறேன்: நம் ஊர்ப் போத்தல் முன்பு நன்றாக இருந்து இப்போது மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பழைய மலேசியப் போத்தலில் 6.8 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். இப்போது கடையில் போய்ப் பாருங்கள், அதைவிடக் குறைவு. ஸ்டவுட்டில் ஆல்கஹால் குறைந்தால் போதை மட்டும் குறைவதில்லை. வாயில் கனம் குறையும். வறுத்த பார்லியின் கூர்மையைத் தாங்கிப் பிடிக்கும் இனிப்பும் சூடும் குறையும். கசப்பு அதே அளவு இருந்தாலும் துருத்திக்கொண்டு தெரியும். "முன்பைவிடக் கசக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வது வயசுக் கோளாறு இல்லை. கசப்பு ஏறவில்லை, அதைச் சுற்றியிருந்தது இறங்கிவிட்டது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2016 மார்ச்சிலிருந்து மலேசியாவில் பீருக்கான கலால் வரி முழுக்க ஆல்கஹால் கணக்கில் வந்தது: சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு அப்போது 175 வெள்ளி (ரிங்கிட்). இப்படிக் கணக்குப் போடும் நாட்டில் கெட்டியான பீர்தான் முதலில் அடிபடும். எந்த நாட்டிலும் ஒரு பீரின் ருசியை முடிவு செய்கிறவர்களில் ஆலைக்காரருக்கு அடுத்த நாற்காலி வரி அதிகாரிக்குத்தான்.

இயந்திர அறை · 3 மார்ச் 2024

நேற்று எழுதியதை மலேசியாவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். டப்ளினுக்கும் இதே கதை நடந்திருக்கிறது, இன்னும் பெரிதாக.

முதல் உலகப் போருக்கு முன் அயர்லாந்தில் விற்ற எக்ஸ்ட்ரா ஸ்டவுட் 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. போரில் தானியத் தட்டுப்பாடு, கட்டுப்பாடு, வரி. பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழே இருந்த ஆலைகள் எல்லாம் பீரை மெலிய வைத்தன. போர் முடிந்தும் பழைய வலு திரும்பவில்லை. ஏற்றுமதிக்கான ஃபாரின் எக்ஸ்ட்ரா மட்டும் பழைய உடம்போடு தப்பியது. அதாவது 1910இல் டப்ளினில் வாழ்ந்த ஒருவரை இன்று எழுப்பி உட்கார வைத்து, ஒரு பக்கம் இன்றைய டிராஃப்டும் மறுபக்கம் 7.5 ஃபாரின் எக்ஸ்ட்ராவும் வைத்தால், இரண்டாவதைத்தான் தன் பீர் என்று அடையாளம் காண்பார்.

எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. ஊரில் தொலைந்துபோன ருசி காலனி நாடுகளின் காப்பிக்கடைகளில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதைப் போலி என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இயந்திர அறை · 16 மார்ச் 2024

இன்று அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு முந்தின நாள், கோலாலம்பூரில் டிராஃப்ட் குடித்தேன். நன்றாகவே இருந்தது. டிராஃப்டை நான் வெறுப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. ஊற்றத் தெரிந்தவர் ஊற்றினால் அழகான பானம். பாதி ஊற்றி, அடங்க விட்டு, மீதி ஊற்ற இரண்டு நிமிடம் ஆகும். நேற்று முன்தினம் வேறு ஒரு கடையில் ஒரே மூச்சில் ஊற்றி நீட்டினார்கள், குழாய் கழுவாத புளிப்பு வேறு. அந்தப் புளிப்புக்கு டப்ளினும் காரணம் இல்லை, சுங்கைவேயும் காரணம் இல்லை.

இயந்திர அறை · 24 மார்ச் 2024

"கின்னஸ் பயணம் தாங்காது, அயர்லாந்தில்தான் ருசி" என்பதற்கு ஆதாரம் கேட்டவருக்கு: ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2011இல் உணவு அறிவியல் இதழ் ஒன்றில் வந்தது. நான்கு ஆய்வாளர்கள் 14 நாடுகளில் 33 நகரங்களில் பப் பப்பாகப் போய்க் குடித்து மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு அயர்லாந்து சராசரி 74, மற்ற நாடுகள் 57. பப்பின் சூழல், நுரையின் உயரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது.

அதை நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் அளந்தது டிராஃப்ட். அது புதுசாக இருக்கும்போது, குழாய் சுத்தமாக இருக்கும்போது, நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போகும் கடையில்தான் உச்சத்தில் இருக்கும். அப்படிப்பட்ட கடை அயர்லாந்தில் தெருவுக்கு ஒன்று. ஃபாரின் எக்ஸ்ட்ராவை அயர்லாந்தில் வைத்து அளந்தால் என்ன வரும் என்பதுதான் நான் பார்க்க விரும்பும் ஆராய்ச்சி.

இயந்திர அறை · 25 மார்ச் 2024

பழைய ஆட்கள் டப்ளினில் டிராஃப்டைவிடப் போத்தலைத்தான் விரும்புவார்கள் என்று அயர்லாந்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள். உண்மைதான். அலமாரியில் குளிர்விக்காமல் வைத்த பைன்ட் போத்தலைக் கேட்டு வாங்குவார்கள். அந்தப் போத்தலில்கூட முன்பு ஈஸ்ட் உயிரோடு இருந்தது, அடியில் வண்டல் படியும். 2000 வாக்கில் அதை நிறுத்தி வடிகட்டிச் சூடாக்கிய பீரைப் போத்தலில் அடைத்தார்கள். அப்போதும் அங்கே கிழவர்கள் சண்டை போட்டார்கள். ஆக, "முன்பு மாதிரி இல்லை" என்ற வழக்கு டப்ளின் கின்னஸ் ஆலை இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் கேட் வாசலிலேயே நடந்திருக்கிறது.

இயந்திர அறை · 14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து. சைவம் சாப்பிடும் நண்பர் மீன் விஷயம் கேட்டிருந்தார். ஆமாம், பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள். 2015இல் அதைக் கைவிடப் போவதாக அறிவித்து, புது வடிகட்டி வைத்து, அடுத்த சில வருடங்களில் பீப்பாய், போத்தல், டின் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ருசியில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லா மாற்றமும் நஷ்டம் இல்லை என்பதற்கு இதையும் வைத்துக்கொள்ளலாம்.

இயந்திர அறை · 5 மே 2024

வேறு நாட்டுப் போத்தல்களின் பட்டியல் போடச் சொன்னார்கள். பட்டியல் எனக்குப் பிடிக்காது, நினைவில் நிற்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜமைக்காவில் ஃபாரின் எக்ஸ்ட்ராவை ஜாதிக்காய், கெட்டிப்பால் எல்லாம் சேர்த்து அடித்து "பஞ்ச்" ஆகக் குடிக்கிறார்கள். முதலில் முகம் சுளித்தேன். குடித்த பிறகு, இதற்கு டப்ளின் டிராஃப்டைப் போட்டால் வெறும் பால்தண்ணிதான் வரும் என்று தோன்றியது. 7.5 இருந்தால்தான் அந்தப் பாலுக்கும் சர்க்கரைக்கும் நடுவில் ஸ்டவுட் தலை தூக்கும். நம் ஊரில் ஸ்டவுட்டில் பச்சை முட்டை அடித்துக் குடித்த பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். சீனர் கடைகளில் ஸ்டவுட் ஊற்றிச் சமைக்கும் பன்றி விலா இருக்கிறதே, அதற்கும் கெட்டியான போத்தல் வேண்டும்.

பெல்ஜியத்தில் ஸ்பெஷல் எக்ஸ்போர்ட் என்று ஒன்று, 8 விழுக்காடு. ஜான் மார்ட்டின் என்ற இறக்குமதியாளர் தன் சந்தைக்காகக் கேட்டு வாங்கியது. ஆன்ட்வெர்ப்பில் குடித்தேன். உலர்ந்த திராட்சை, கறுப்புச் சாக்லேட், நிதானமான சூடு. கின்னஸ் பெயரில் நான் குடித்ததில் இதுதான் முதல் இடம்.

இந்தோனேசியப் போத்தல் 4.9. லேபிளில் அதே ஃபாரின் எக்ஸ்ட்ரா. பெயர் ஒன்று, உடம்பு மூன்றில் இரண்டு பங்கு. பெயரை நம்பி வாங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

இயந்திர அறை · 19 மே 2024

யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இலங்கையின் லயன் ஸ்டவுட்டை விட்டுவிட்டு ஸ்டவுட் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். நியாயம். கொழும்பில் கப்பல் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் தேடுவேன்.

நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய ஆலையின் பீர் அது. தேயிலை மலையின் குளிரில் காய்ச்சினார்கள். கண்டியில் ஒரு கடையில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பில் அடித்து ஊற்றிக் கொடுத்ததைப் பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் கண்டு எழுதினார். அதன் பிறகுதான் வெளிநாட்டுக்காரர்களுக்கு லயன் ஸ்டவுட் தெரிந்தது. அவர் படத்தைப் போத்தலின் பின் லேபிளிலேயே போட்டார்கள்.

1990களின் கடைசியில் காய்ச்சுவது மலையை விட்டுக் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு இறங்கியது. 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆறு பெருகி அந்த ஆலை மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. வலுவும் ஏறியிருக்கிறது. ஜாக்சன் எழுதிய காலத்தில் 7.5, இப்போது 8.8. கின்னஸ் பல இடங்களில் இறங்கியது, இது ஏறியது.

யாழ்ப்பாணத்து அண்ணனின் அப்பா, நுவரெலியாக் காலத்துப் பீரில் தெரிந்த பழவாசம் இப்போது இல்லை என்கிறாராம். இப்போது இருப்பது இனிப்பு, காப்பி, கறுப்புச் சாக்லேட். எனக்கு இப்போதையதும் பிடித்தமானதுதான். ஆனால் அந்தப் பெரியவர் நாக்கைச் சந்தேகிக்க மாட்டேன். தண்ணீர், தொட்டி, உயரம், சூடு எல்லாம் மாறிய பிறகு ருசி மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இயந்திர அறை · 15 ஜூன் 2024

செய்தி பார்த்திருப்பீர்கள். கின்னஸ் நைஜீரியா கம்பெனியில் தன் பங்கை டியாஜியோ விற்கிறது, வாங்குவது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டோலராம். நைஜீரியாவில் இண்டோமி மீ விற்கிறவர்கள். பிராண்டு உரிமை டியாஜியோவிடமே இருக்கும், ஆலை டோலராம் கைக்குப் போகும். சுங்கைவேயில் 2015இல் நடந்த அதே ஏற்பாடு.

ருசி மாறுமா என்று கேட்கிறீர்கள். கையெழுத்து மாறிய மறுநாள் மாறாது. தானியம் வாங்குகிறவர் மாறும்போது, போத்தல் அளவு மாறும்போது, கிடங்கில் எத்தனை நாள் வைப்பது என்று முடிவு செய்கிறவர் மாறும்போது மெல்ல மாறும். லாகோஸ் பக்கம் போகிறவர்கள் குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இயந்திர அறை · 11 ஆகஸ்ட் 2024

பிள்ளை பெற்றவர்களுக்கு ஸ்டவுட் கொடுப்பது பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தாள், மாமியார் வாங்கி வைத்திருக்கிறாராம். எங்கள் வீட்டிலும் கொடுத்தார்கள். ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்பார்கள். 1929இல் "கின்னஸ் உடம்புக்கு நல்லது" என்று லண்டனில் தொடங்கிய விளம்பரம் காலனி முழுக்கப் பரவி, நம் பாட்டிமார் வைத்தியத்தில் கலந்துவிட்டது. கறுப்பாக இருப்பதால் இரும்புச்சத்து என்று நம்பினார்கள். கறுப்பு, வறுத்த பார்லியின் நிறம். இரும்பு மிகக் கொஞ்சம். ஆல்கஹால் தாய்ப்பாலுக்குள் போகும். அந்தப் போத்தலை மாமியாரே குடிக்கட்டும், நீ முருங்கைக்கீரை சாப்பிடு அம்மா.

தைப்பிங் தம்பி · 7 டிசம்பர் 2024

ஐஸ் இல்லாமல் குடித்துப் பார்த்தேன் அண்ணே. கசப்பு இருக்கிறது, ஆனால் பின்னாலேயே காப்பி மாதிரி ஒரு இனிப்பு வந்தது, முன்பு கவனித்ததில்லை. போலி என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் டப்ளின் டிராஃப்ட்தான் இன்னும் எனக்குப் பிடித்தது. அடுத்த வாரம் லண்டன் போகிறேன், அங்கே கின்னஸுக்கே தட்டுப்பாடாம்?

இயந்திர அறை · 8 டிசம்பர் 2024

பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லுங்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை.

தட்டுப்பாடு உண்மை. இளைஞர்கள் மத்தியில் திடீரென்று மவுசு கூடி, பிரிட்டனில் பப்புகளுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று டியாஜியோ அளந்து கொடுக்கிறது. அளந்து கொடுப்பது டிராஃப்டைத்தான். நீங்கள் லண்டனில் பெக்கம் பக்கம் போங்கள், ஆப்பிரிக்கர் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். நைஜீரியாவில் காய்ச்சிய போத்தல் அங்கே தனியாகக் கிடைக்கும். லேபிளில் எந்த நாடு, எத்தனை விழுக்காடு, காலாவதித் தேதி என்ன, மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஜன்னலோரம் வெயிலில் அடுக்கியிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அப்படியே டப்ளினில் காய்ச்சிய ஃபாரின் எக்ஸ்ட்ராவும் ஒன்று வாங்கி, இரண்டையும் ஒரே இரவில் ஒன்றன் பின் ஒன்றாகக் குடித்துப் பாருங்கள். சோளத்துக்கும் பார்லிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பத்துப் பத்தி எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும். முதலில் டப்ளின், பிறகு லாகோஸ். மாற்றிக் குடித்தால் லாகோஸின் இனிப்பு நாக்கில் தங்கி மற்றதைக் கெடுத்துவிடும்.